மிளகுக்கு வாங்கின ஈரல்

மல்லேஸ்வரம்,
புரட்டாசி மூணாம் சனிக்கிழமை

சிரஞ்சீவி ஷ்ரேயாஸுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்தோட எழுதறது. எழுதறதுன்னா சொல்றது, ஏன்னா வலது மணிக்கட்டுல இன்னும் கட்டு அவிழ்க்கலை, அதனால கை உன் தங்கை அலர்மேல்மங்கையோடது, வார்த்தை என்னோடது, நடுவுல தன் சரக்கைச் சேர்க்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. (இது அலர். சத்தியம் பண்ணினது நெஜம், ஆனா அடைப்புக்குறிக்குள்ள எழுதறது அதுல சேராது. அம்மா மூக்குக்கண்ணாடியையும் நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன், படிச்சுப் பார்க்க வழியில்லை.) நீ டப்ளின்ல குளிருக்கு ஒழுங்கா ஸ்வெட்டர் போட்டுண்டு, வேளைக்குச் சாப்பிட்டுண்டு சௌக்கியமா இருக்கணும். இங்கே நாங்க சௌக்கியம்னு அடுத்த வரி எழுதணும் இல்லையா, அதை மட்டும் கடைசிக்குத் தள்ளி வெச்சிருக்கேன், ஏன்னு படிச்சா உனக்கே புரியும். போன்ல சொல்லலாமேன்னு கேப்பே. நீ கூப்பிடறச்சேயெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுண்டு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார், வாட்ஸ்அப்ல அடிச்சா என் போனை அவர்தான் முதல்ல பார்க்கிறார். அதான் உன் சிநேகிதன் சுதீர் அங்கே கிளம்பறான்னு தெரிஞ்சதும் கருவடாம், சாத்தமுது பொடி எல்லாம் கட்டின டப்பாவுக்கு நடுவுல இதைச் செருகியிருக்கேன். உட்கார்ந்துண்டு படி, கண்ணா.

மிளகு போயிட்டான். ஆடியிலேயே போயிட்டான். அலர் உனக்கு அனுப்பிண்டு இருக்காளே, மிளகு பந்து பிடிக்கிறது, மிளகு மிதியடியைத் தூக்கிண்டு ஓடறது, அதெல்லாம் போன வருஷத்து வீடியோ. அப்பாதான் அனுப்பச் சொன்னார். தீபாவளிக்கு வந்து அவனைக் கூட்டிண்டு லால்பாக் போறேன்னு நீ சொல்லிண்டே இருக்கே, அவர் தலையாட்டிண்டே இருக்கார், எத்தனை நாளைக்கு இப்படின்னு கேட்டா எழுந்து போயிடறார். நீ வாசல்ல வந்து நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடறச்சே இவர் முகத்தை எங்கே கொண்டு வெச்சுப்பார்?

அவன் இளைச்சதை நீயே வீடியோ கால்ல பார்த்தே, என்னம்மா எலும்பா தெரியறானேன்னு கேட்டே, வெயில்னு சொன்னேன். வெயில் இல்லை. தட்டுல போட்டது போட்டபடி தின்பான், இன்னும் இன்னும்னு மூஞ்சியால இடிப்பான், ஆனா உடம்புல ஒண்ணும் ஒட்டலை. வெளிக்குப் போறது மட்டும் மலை மாதிரி, எண்ணெய் மினுங்க, களிமண் நிறத்துல, நாத்தம் சொல்லி முடியாது. எதிர் வீட்டு மாமி, நாயைத் தயிர் சாதம் போட்டே கொல்றேளேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அன்னிலேர்ந்து நெய் கூட ஊத்தினேன், முட்டை வாங்கிண்டு வந்து பின்கட்டுல தனி அடுப்பு வெச்சு வேகவெச்சேன், நம்மாத்துல முட்டை! ஊஹூம். அப்புறம்தான் டாக்டர் கிளிஃபர்ட்கிட்ட கூட்டிண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, ஈரல் நன்னா இருக்கு, கணையம்தான் சுருங்கிப் போயிடுத்துன்னார். (நம்மாத்துல இணையம்தான் அடிக்கடி புட்டுக்கும்னு நெனச்சேன், கணையமுமான்னு கேட்டேன். டாக்டர் சிரிச்சுட்டார். அப்பா சிரிக்கலை.)

டாக்டர் ரூம்ல ஒரு பெரிய படம் மாட்டியிருக்கு, மாடு, குதிரை, நாய், மூணோட வயித்தையும் திறந்து காட்டற மாதிரி. அதுல பேனாவால தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஈரல்லேர்ந்து பித்தநீர் வருமாம், நாம எண்ணெய்ப் பாத்திரத்துல பொடி போட்டுத் தேய்ச்சா பிசுக்கு பிரியறதே, அது மாதிரி கொழுப்பைப் பொடிப்பொடியா உடைச்சுக் குடுக்குமாம். ஆனா உடைச்சா மட்டும் போறாது, சாதமோ பருப்போ நெய்யோ, அதை ரத்தத்துல சேர்ற அளவுக்கு அறுத்துக் கரைக்கிற நீர் கணையத்துலேர்ந்துதான் வரணுமாம். வயித்துப் புளிப்பை அடக்கறதும் பெரும்பாலும் அதுதானாம். குதிரைக்குப் பித்தப்பையே கிடையாதாம், நாள் முழுக்க மேய்ஞ்சுண்டே இருக்கிறதால பித்தநீரைச் சேர்த்து வெச்சுக்கற வேலை இல்லை, சொட்டுச் சொட்டா இறங்கிண்டே இருக்குமாம். கணையம் மட்டும் மூணுக்கும் வேணும். அது நின்னுட்டா தங்கத்தட்டுல போட்டாலும் உள்ளே போனது அப்படியே வெளியே. நம்ம குழந்தை தின்னுண்டே பட்டினி கிடந்திருக்கான் ஷ்ரேயாஸ், நான் எதிர்ல உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் நெய் ஊத்திண்டு இருந்திருக்கேன்.

அதுக்கு ஒரு பொடி இருக்கு, சாப்பாட்டுல கலந்து வெச்சா அந்த நீர் செய்யற வேலையைச் செய்யும்னார். ஆனா அந்த சமயம் பார்த்து பொடி எங்கேயும் ஸ்டாக் இல்லை. வர்ற வரைக்கும் ஆட்டுக் கணையம் பச்சையா வாங்கி, வேகவைக்காம, வேகவெச்சா அதோட சத்தே போயிடும், அப்படியே அரைச்சு சாதத்துல பிசைஞ்சு கொஞ்ச நேரம் ஊறவெச்சுப் போடுங்கோன்னார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். முட்டை போட்ட கேக்கை மோந்து பார்த்துட்டு நகர்றவர். மறுநாள் கார்த்தால திருமண் இட்டுண்டு, சந்தியாவந்தனம் முடிச்சு, மூடி போட்ட பெரிய எவர்சில்வர் சம்படத்தைத் துணிப்பையில வெச்சுண்டு கிளம்பிட்டார். மல்லேஸ்வரத்துல கோயில் மனுஷா யாராவது பார்த்துடுவான்னு பஸ் மாறி அடுகோடி வரைக்கும் போனார். அங்கே பஸ் ஸ்டாப் எதிர்ல ஒரு சின்ன கறிக்கடை, ஒரு பாய் வெச்சிருக்கார். சம்படத்தைக் கையை நீட்டிக் குடுத்துட்டு இவர் ரோடு பக்கம் திரும்பி, போற வர்ற பஸ் நம்பரையெல்லாம் படிச்சுண்டு நிப்பாராம். மூடினப்புறம்தான் திரும்பி வாங்கிப்பார். ஆத்துக்கு வந்து பின்கட்டுல ஐஸ் பெட்டியில வெச்சுட்டு மறுபடி தலைக்குக் குளிப்பார். அரைக்கிறது நான். பழைய மிக்ஸி ஜார், மூக்கைச் சுத்திப் புடவைத் தலைப்பு, முகத்தைத் திருப்பிண்டு சம்படத்தைக் கவுத்துடுவேன். ஒரு நாள்கூட உள்ளே என்ன இருக்குன்னு பார்த்ததில்லை. மிளகு மட்டும் வாலால சுவரைத் தட்டிண்டு நிப்பான், அத்தனை ஆசையா தின்பான், பார்த்தியா பிடிச்சிருக்குன்னு அப்பா ஜன்னலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேப்பார்.

ஆனா உடம்பு தேறலை. இன்னும் இளைச்சான். மாடிப்படி ஏற முடியலை, உன் ரூம் கதவுகிட்ட போய்ப் படுத்துக்கறதை நிறுத்திட்டான், படிக்குக் கீழேயே படுத்துண்டு மேலே பார்ப்பான். டாக்டருக்கே சந்தேகம் வந்து, என்ன போடறேளோ அதை எடுத்துண்டு வாங்கோன்னார். அப்பா சம்படத்தைக் கொண்டு போய் மேஜை மேல வெச்சார். டாக்டர் மூடியைத் திறந்து பார்த்துட்டு, சார் இது ஈரல், நல்ல உசத்தியான ஈரல், கணையம் எங்கேன்னு கேட்டார். ஈரலும் சாப்பாடுதானே, அதைச் செரிக்கறதுக்கே கணையம்தானே வேணும்னார், மெதுவாத்தான் சொன்னார், பாவம். கணையம் வெளுப்பா, லேசான ரோஸ் கலர்ல, ஊறவெச்ச ஜவ்வரிசியை ஒட்டிவெச்ச மாதிரி மணிமணியா இருக்கும், ஈரல் கருஞ்சிவப்பா வழவழன்னு இருக்கும், பார்த்தாலே தெரியுமேன்னார். பார்த்தாலே. நாங்க யாருமே பார்க்கலையேடா. (அம்மா தண்ணி குடிக்க எழுந்து போயிருக்கா. அதனால நான் சொல்றேன். ஈரல், கணையம் ரெண்டையும் நான் பயாலஜி ரெகார்டுல கலர் பென்சில் வெச்சு வரைஞ்சிருக்கேன், அம்பு போட்டுப் பேர் எழுதி ஸ்டார் வாங்கியிருக்கேன். வெளியில முட்டை பஃப் திங்கற ஒரே ஆள் நான்தான். நானும் மிக்ஸி சத்தம் கேட்டா மூக்கைப் பிடிச்சுண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன், டெய்லி அம்மாவைப் பார்த்து ஓக் ஓக்னு நடிச்சுக் காட்டிட்டு. இதுக்கு ஜோக் யோசிச்சேன், வரலை.)

அப்பா நேரா அடுகோடிக்குப் போனார், சண்டை போடத்தான் போறார்னு நினைச்சேன். திரும்பி வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துண்டார். அந்த பாய் முதல்ல கணையம்தான் குடுத்திருக்கார். அப்புறம், ஒரு ஆட்டுல அது ஒரு பிடிகூட வராது, கழிவோட போற சாமான், இந்தப் பெரியவர் நாமத்தைப் போட்டுண்டு வாயில்லாத ஜீவனுக்காக இவ்வளவு தூரம் வந்து வெயில்ல நிக்கிறார், இவருக்குப் போய் அதையா போடறதுன்னு, தன் ஆத்துக்கு எடுத்து வைக்கிற ஈரலை அதே விலைக்குப் போட்டுண்டு இருந்திருக்கார். அன்னிக்கும் அப்பா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, நாய் ஹேகிதே சாமி, எப்படி இருக்கு, உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்னு இதையெல்லாம் பெருமையா அவரே சொல்லியிருக்கார். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிடீ சொல்றதுன்னு என்கிட்ட கேட்டார். நன்னா இருக்கான்னு சொல்லிட்டு வாங்கிண்டு வந்துட்டாராம்.

அதுக்கப்புறம் பொடி வந்தது, போட்டோம், ரெண்டு மூணு நாள் வெளிக்குக்கூட சரியா போனான், எனக்கு உசிரு வந்தது. ஆனா உடம்புல தாங்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை, ஒரு ஜுரம் வந்தது, ஆடி வெள்ளிக்கிழமை கார்த்தால கோலம் போட்டுட்டு வரேன், எழுந்துக்கலை. போர்வையில சுத்தித் தூக்கிண்டு வாசல்படி இறங்கினோம், அப்பா தலைப்பக்கம், நான் கால்பக்கம், அலர் ஆட்டோவை நிறுத்த ஓடினா. ஈரப்படியில நான் வழுக்கி விழுந்தேன். குளிக்கற ரூம்ல விழுந்தேன்னு உன்கிட்ட சொன்னது பொய், விழுந்தது மட்டும் நிஜம். விழறச்சே அவனைக் கையிலேர்ந்து விடலை, அதான் மணிக்கட்டு. ஆட்டோவுல என் மடியில தலை வெச்சுண்டு இருந்தான். ரிச்மண்ட் சர்க்கிள் தாண்டறச்சே கனம் மாறிடுத்து.

இப்போ விஷயத்துக்கு வரேன். அப்பா இன்னும் அடுகோடிக்குப் போயிண்டு இருக்கார். புரட்டாசி சனிக்கிழமை, இன்னிக்கும் கோயிலுக்குப் போய்ச் சேவிச்சுட்டு, துளசியைக் காதுல வெச்சுண்டு, சம்படத்தோட கிளம்பிட்டார். நாங்க முதல்ல புரியாம பயந்தோம். அலர் ஒரு நாள் அவருக்குத் தெரியாம பின்னாடியே போய்ப் பார்த்துட்டு வந்தா. (குறும்புக்குத்தான் போனேன். பஸ் ஸ்டாப்ல பின்னாலேர்ந்து பே-ன்னு கத்திப் பயமுறுத்தலாம்னு. கத்தலை.) பாய் கடையில ஈரலும் வாங்கறார், கணையமும் கேட்டு வாங்கறார். பாய் நாயைப் பத்திக் கேட்டா தலையை ஆட்டறார். அப்புறம் பக்கத்துச் சந்துல, ஒர்க்ஷாப் பின்னாடி, தெருநாய்கள் இருக்கிற இடத்துல போய் உட்கார்ந்து மூடியைத் திறக்கிறாராம். திறந்து, கையால எடுத்து, இது இது, அது அதுன்னு பார்த்துப் பார்த்து வைக்கிறாராம். முகத்தைத் திருப்பிக்கறது இல்லையாம்.

அவரைத் தேத்தணும்னு சொல்லலை, உன் மேல தப்பில்லைப்பான்னு சொல்லாதே, அதைத்தான் நாங்க ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி அவர் எங்களோட பேசறதையே நிறுத்திட்டார். உனக்குக் கோவம் வந்தா கோவிச்சுக்கோ, அழுகை வந்தா போன்லயே அழு, உன் நாய்தானே, எங்ககிட்ட நம்பி விட்டுட்டுப் போனே, உனக்கு இல்லாத உரிமையா. அப்புறம் கணையம் எப்படிப்பா இருக்கும்னு அவரைக் கேளு. அவருக்கு இப்போ தெரியும். அதை யார்கிட்டயாவது சொல்லணும்னு காத்துண்டு இருக்கார்னு நினைக்கிறேன், அது நீயாத்தான் இருக்கணும்.

கருவடாத்தை ஈரம் படாம வை, எண்ணெய் நன்னா காஞ்சப்புறம் போடு. வெறும் வயித்தோட காபி குடிக்காதே. மிளகோட அந்தப் பெரிய பந்து உன் ரூம்லயேதான் இருக்கு, யாரும் தொடலை. பெருமாள் உன்னை நன்னா வெச்சிருப்பார், நூறு வயசு இரு. முதல்ல தள்ளி வெச்ச அந்த ஒரு வரியை இன்னும் எழுதலை, நீ அவரோட பேசினப்புறம் எழுதறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
அனந்தலக்ஷ்மி

(கையெழுத்தை மட்டும் தானே போடறேன்னு இடது கையால போட்டா, அதான் இப்படிக் கோணல். கண்ணாடியைக் குடுத்துட்டேன். முழுக்கப் படிச்சா, என் அடைப்புக்குறியெல்லாம் பார்த்துட்டா, ஒண்ணையும் அடிக்கச் சொல்லலை. சீக்கிரம் கூப்பிடு அண்ணா. பழைய வீடியோ எல்லாம் தீர்ந்து போச்சு.)