வயிரமுத்தர் மூடிய குழி

ஆவணி 14, வியாழன்.

இந்தத் துரையின் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்றிருக்கிறது. நாளையும் விழிக்கத்தான் வேண்டும். அவருக்கு மொழிபெயர்ப்பதுதான் என் உத்தியோகம்.

காலையில் படுவான்கரை வயல் வட்டைக்குப் போனால், பழங்காலத்துப் புதைதாழிகளை ஆராயவென்று துரை வரம்போரம் நான்கு நாளாக வெட்டுவித்த குழியைக் காணவில்லை. யாரோ தாழியையும் எலும்பையும் உள்ளே விட்டு மண்ணால் நிரப்பி, மேலே வேப்பங்குழை வைத்திருந்தார்கள். கூலிக்கு வெட்டும் வயிரமுத்தர் எதையும் ஒளிக்கவில்லை. "எலும்பு கிடக்கிற குழிய ராவைக்குத் திறந்து விடப்படாது ஐயா. அதுதான் மூடினன்" என்றார்.

மண் படைகள் கிடக்கும் வரிசையை அளந்து எழுதினால்தான் தாழியின் காலம் தெரியுமாம். இப்போது எல்லாம் கலந்துவிட்டது. துரை குதித்தார். மடையன், காட்டுமிராண்டி, இனி இந்தப் பக்கம் வராதே என்றார். என் தகப்பன் வயதுள்ள மனிதரிடம் ஒரு சொல் விடாமல் அதைத் தமிழில் சொன்னேன்.

பின்னேரம் பள்ளிக்கூடத்தில் துரையின் பிரசங்கம். "அந்தக் காலத்து மக்கள் இறந்தவர்களை எவ்வளவு மரியாதையாக மூடி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்று உருகினார். அதையும் சொன்னேன். சனம் கைதட்டியது.

கடைசி வாங்குப் பலகையிலிருந்து வயிரமுத்தர் எழும்பினார். "நானும் அதத்தானே செய்தன். துரையிட்டக் கேட்டுச் சொல்லுங்க ஐயா."

அவன் என்ன சொல்கிறான் என்று துரை என்னைக் கேட்டார்.

பிரசங்கம் நன்றாக இருந்ததாம் என்றேன்.