வீட்டுக்கு முருகேசன், லைசென்ஸுக்குத் தான் வின்

2010 அக்டோபர் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. ரங்கூன் முழுக்க வெள்ளம், தாமுவே சந்தை வாசலில் முழங்கால் தண்ணீர். மீன் வாங்கவில்லை, பருப்புதான்.

என் வீட்டுக்காரருடைய டாக்ஸி லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போனார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேர்தல் வருகிறதாம். லைசென்ஸுக்கு மனு போடுகிறவர் பெயரெல்லாம் வாக்காளர் பட்டியலில் ஏற வேண்டுமாம். வார்டு ஆபீஸ் முத்திரை இல்லாமல் மனு நகராது. ஓட்டு யார் கேட்டது? வண்டி ஓடினால் போதும் எங்களுக்கு.

அக்டோபர் 6, புதன்

வார்டு ஆபீஸ். இருவருமே போனோம். வீட்டில் யார் யார் என்று வார்டு வைத்திருக்கும் வீட்டுப் பட்டியலில் அவர் முருகேசன், மாமனார் வைத்த பெயர். லைசென்ஸில் 'தான் வின்' என்ற பர்மியப் பெயர், பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்தது. எங்கள் தமிழ் ஆட்களில் யாருக்குத்தான் இரண்டு பெயர் இல்லை? வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று. இத்தனை காலம் ஒருவரும் கேட்டதில்லை.

"ஒரு பொண்டாட்டி, ரெண்டு புருஷனா?" கிளார்க் பர்மியத்தில் கேட்டுச் சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இரண்டு பெயரும் இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு ஓட்டு ஆகிவிடுமாம். தான் வின் வாக்காளராக ஏற வேண்டுமென்றால் வீட்டுப் பட்டியலில் முருகேசன் பெயரை அடிக்க வேண்டும். அடிக்க இரண்டே காரணம்: வீடு மாறினார், அல்லது இறந்தார். மாறினார் என்றால் போன இடத்துக் கடிதம் வேண்டும். எங்கே போனார், கடிதம் வாங்க? இறந்தார் என்றால் மனைவி கையெழுத்து போதும்.

"நாளைக்கே வந்து போட்டுருங்க, மா செல்வி" என்றார் கிளார்க். மரியாதைக்கு ஒரு பர்மிய 'மா' வேறு.

அக்டோபர் 7, வியாழன்

விடிந்ததும் சண்டை.

"வெறும் காகிதம், செல்வி. லைசென்ஸ் போச்சுன்னா முதலாளி வேற டிரைவரப் போட்டுருவாரு."

"அப்ப நீங்களே உங்களச் சாகடிச்சுக்குங்க. என் கைய எதுக்குக் கேக்குறீங்க?"

சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

கையெழுத்துப் போட்டேன். வேண்டுமென்றே பெரிய பொட்டு வைத்துக்கொண்டு போனேன். கிளார்க் நெற்றியைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். பாவி. திரும்பும்போது கோயிலுக்குள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வாங்க வேண்டியது: சோப்பு, அரிசி, அவருக்கு இருமல் மருந்து.

அக்டோபர் 12, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. "பாத்தியா?" என்று நீட்டினார். வாங்கிப் பார்க்கவில்லை.

மத்தியானம் வார்டு ஆள் வந்தான். தான் வின்னை வீட்டுப் பட்டியலில் சேர்ப்பது தேர்தல் முடிந்துதானாம். அதுவரை அவர் விருந்தாளி. விருந்தாளி தங்கினால் தினமும் பொழுது சாய்வதற்குள் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். என் தங்கை வந்து தங்கினாலும் பதிகிறோம்தான். கட்டினவருக்குமா!

சாயங்காலம் போனேன். அவர் வெளியே வண்டியில். உள்ளே அதே கிளார்க்.

"விருந்தாளி பேரு?"

"தான் வின்."

"என்ன உறவு?"

"புருஷன்."

பேனாவைக் கீழே வைத்தார். "புருஷன் செத்துட்டாருன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இப்ப ஆம்பள விருந்தாளி. உறவைச் சரியாச் சொல்லுங்கம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"அண்ணன்" என்றேன்.