லாச்சிக்குள் பூட்டிய நூல்

செவ்வாய் இரவு, வெள்ளவத்தை.

என் தங்கை மதுராவின் வகுப்பு டீச்சர் களவெடுக்கிறவர். கைகள் நூல் பின்னிக்கொண்டிருந்தால்தான் மதுராவுக்குப் பாடம் மண்டையில் ஏறும். டீச்சர் அவளுடைய நூலையும் குறோசே ஊசியையும் பறித்துத் தன் மேசை லாச்சிக்குள் பூட்டிவிட்டு, பிள்ளைக்குக் கவனமில்லை, வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று இன்று என்னை வகுப்பறைக்குக் கூப்பிட்டு, மதுராவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நூலைக் குடுத்துட்டு ஒரு புதுப் பாடம் வாசியுங்கோ டீச்சர். பிறகு கேள்வி கேளுங்கோ."

டீச்சர் லாச்சியைத் திறந்து நூலைக் கொடுத்துவிட்டு, புத்தகத்திலிருந்து இதயத்தைப் பற்றி வாசித்தார். மதுரா தலை நிமிராமல் பின்னினாள்.

"என்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லையே!" என்றார் டீச்சர்.

"பாத்தா எனக்குக் கேக்காது டீச்சர்," என்றவள், வாசித்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். கடைசியில், "இதயத்தில நாலு அறை எண்டு சொன்னீங்கள். மூண்டின்ர பேர்தான் வாசிச்சீங்கள்," என்றாள்.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். ஒரு வரியைத் தாண்டித்தான் வாசித்திருந்தார்! "சரி, இந்த வகுப்பிலேயே இருக்கட்டும். பின்னட்டும்," என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கூவ வேண்டும்போல் இருந்தது.

ஆனால் திறந்த லாச்சிக்குள் ரப்பர் பட்டிகள், ஒரு களிமண் உருண்டை, மணி கோத்த கயிறு என்று இன்னும் பல கிடந்தன.

"இதெல்லாம் ஆரிட்டப் பறிச்சனீங்களோ, அவையளுக்கும் இப்பவே திருப்பிக் குடுங்கோ டீச்சர்," என்றேன்.

அவர் லாச்சியைப் பூட்ட எடுத்த திறப்பை மேசையில் வைத்துவிட்டு, மணி கோத்த கயிற்றை வெளியே எடுத்தார்.