மூன்று மலிவுத் துப்பாக்கிகளை ஒப்பிட்டதற்காக விதித்த தடையை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஐலி நியெமெலா (வயது 14),
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மேப்பிள் கிரீக் சாலை,
ஹெம்லாக் ஃபால்ஸ், மேல் மிச்சிகன்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
மாவட்டப் பூங்காக்கள் மற்றும் பொது மைதானங்கள் அலுவலகம்,
ஹெம்லாக் ஃபால்ஸ்.

பொருள்: மாவட்டத்துக்குச் சொந்தமான துப்பாக்கி சுடும் மைதானத்தில் நான் நுழையக் கூடாதென்று துப்பாக்கிக் கழகம் விதித்த தடையை நீக்கி, வரும் சனிக்கிழமை நடைபெறும் வேட்டைப் பாதுகாப்புக் களத்தேர்வில் என்னை அனுமதிக்கக் கோருதல்.

பார்வை: கழகத் தலைவர் திரு. வெர்ன் ட்ரெவாரோ மளிகைக் கடை வாசலில் என் தாயாரிடம் வாய்மொழியாகத் தெரிவித்த முடிவு.

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

1. சனிக்கிழமைத் தேர்வில் தேறினால்தான் எனக்கு இந்த ஆண்டு மான் வேட்டை உரிமம் கிடைக்கும். பழகுநர் உரிமத்தை இரண்டு பருவங்கள் பயன்படுத்திவிட்டேன். மூன்றாம் முறை தரமாட்டார்கள். என் தந்தை திரு. டேல் நியெமெலா சென்ற மாதம் லாரியில் மரம் ஏற்றும்போது விழுந்து, தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வசந்தம் வரும்வரை அந்தத் தோள் துப்பாக்கியின் உதையைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் காட்டில் என் பக்கத்தில் உட்காரலாம், சுட முடியாது. தாயார் சுட்டுப் பழகாதவர். தம்பிகள் சிறியவர்கள். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இறைச்சி என்றால் மானிறைச்சிதான். இன்று எங்கள் ஃப்ரீசரில் இருப்பவை காட்டு அவுரிப்பழங்களும் பனிக்கட்டித் தட்டும் மட்டுமே. எனவே இது ஒரு பொழுதுபோக்கு பற்றிய மனு அன்று என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. தடைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, ஆகஸ்ட் மாத மாவட்டக் கண்காட்சியில் நான் வைத்த விளக்க அட்டை. மாணவர்களுக்கான 'வாங்குவோர் அறிவு' போட்டியில் மற்றவர்கள் ஷாம்பு, வேர்க்கடலை வெண்ணெய் முதலியவற்றை ஒப்பிட்டார்கள். நான் நானூறு டாலருக்குள் கிடைக்கும் மூன்று மான் துப்பாக்கிகளை ஒப்பிட்டேன்: டன்மோர், ஹாலட், சிடார் லேக். இம்மூன்றைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. லூத்தரன் வீட்டுப் பெண் கத்தோலிக்க வீட்டு மருமகளானால் ஊர் இரண்டே வாரத்தில் மறந்துவிடும். டன்மோர் வீட்டுப் பையன் ஹாலட் வாங்கினால், நன்றிநாள் விருந்தில் உருளைக்கிழங்குப் பாத்திரம் அவனிடம் கடைசியாகத்தான் வந்து சேரும்.

3. டன்மோரைத் தந்தவர் திரு. ட்ரெவாரோ. ஹாலட்டைத் தந்தவர் அவருடைய மனைவியின் தம்பி திரு. லெஸ் பெல்லாங்கர். சிடார் லேக் எங்களுடையது. உரிமையாளர்கள் மூவரும் மனமுவந்து தந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருந்ததே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். துப்பாக்கி சுடும் மாணவர் அணியின் பயிற்சியாளர் திருமதி கேரன் லேட்டோ முழு நேரமும் உடனிருந்தார். அவர் கையில் எடுத்துத் தராமல் எந்தத் துப்பாக்கியையும் நான் தொடவில்லை.

4. கண்டறிந்தவை சுருக்கமாக வருமாறு. விசை இலகுவாக இருப்பது ஹாலட்டில். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் டன்மோரில் கரகரக்கும், ஆனால் சிக்கிக்கொள்ளாது. சிடார் லேக்கில் தோட்டாக்கள் இருக்கும் மேகசினின் தாழ்ப்பாள் பிளாஸ்டிக் ஆனதால், கையுறையோடு திறப்பதற்குள் மான் கனடா எல்லையை அடைந்துவிடும். டன்மோர், சிடார் லேக் இரண்டின் பிளாஸ்டிக் பிடிக்கட்டையும் அழுத்தினால் வளைந்து குழலைத் தொடுகிறது. தொட்டால் குறி விலகுகிறது. போல்ட்டுகளை மட்டும் கழற்றி, தாயாரின் அனுமதியோடு ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் இறுகின. பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தபோது மூன்றும் வழுக்கிக்கொண்டு ஓடின. ஆகவே குளிரில் உறைவது எந்தக் கம்பெனியின் குற்றமும் அன்று, துடைக்காதவரின் குற்றம்.

5. திருமதி லேட்டோ மேசையில் சாய்த்து வைத்துச் சுட்டபோது, மூன்று துப்பாக்கிகளின் குறியிலும் ஒரு காசின் அகலத்துக்கு மேல் வேறுபாடு இல்லை. உரிமையாளர்கள் சுட்டபோது, ஒரே மனிதர் ஒரே துப்பாக்கியால் காபிக்கு முன் சுட்டதற்கும் காபிக்குப் பின் சுட்டதற்கும் இடையே ஒரு காகிதத் தட்டின் அகலம் வேறுபாடு இருந்தது. ஆகவே, மூன்றில் விலை குறைந்ததை வாங்கி, மிஞ்சும் பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்வதே இலாபம் என்று முடிவு எழுதினேன். இதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இதை யாரும் படித்ததாகவும் தெரியவில்லை.

6. எல்லோரும் படித்தது அட்டையின் வலது மூலையை. மூன்று துப்பாக்கிகளிலும் ஒரே மாதிரி குறிபார்க்கும் ஸ்கோப் பொருத்தி, தோள்வார்களைக் கழற்றி, மேலிருந்து கீழ்வரை துணிநாடா சுற்றி, உரிமையாளர்களிடம் கொடுத்து, தமது எதுவென்று சொல்லுமாறு கேட்டிருந்தேன். இதை முதலில் விரும்பிக் கேட்டவர் திரு. ட்ரெவாரோவே. "இந்தா பாரு பாப்பா, வருஷக்கணக்கா இவளோடதான் பனியில குந்திக்கிட்டிருக்கேன். என் கண்ணைக் கட்டு, கை சொல்லிடும்" என்றார்.

7. அவர் சொன்னவற்றை அவரது அனுமதியோடு அங்கேயே குறித்துக்கொண்டேன். டன்மோரை எடுத்து போல்ட்டை இழுத்துப் பார்த்தவர், "சீ! மண்ணை அரைக்கிற மாதிரி இருக்கு. கட்டையா இது, பால் டப்பா! லெஸ்ஸோட ஹாலட்தான், வேற என்ன? இதால சுட்டா மான் சாகாது, சிரிச்சிட்டுப் போகும்" என்றார். அடுத்து ஹாலட்டை எடுத்தார். "ஆகா, வெண்ணெய்! இவதான்டா என் ராசாத்தி" என்று சொல்லி அதை முத்தமிட்டார். திரு. பெல்லாங்கர் எங்கள் சிடார் லேக்கைத் தமது ஹாலட் என்றார். என் தந்தை, திரு. ட்ரெவாரோவின் டன்மோரைத் தடவிக்கொண்டே, "நம்ம சிடார் லேக்குக்கு இணை உண்டாம்மா?" என்று என்னையே கேட்டார். மூவரும் தோற்றார்கள். என் தந்தையின் தோல்வியையும் அதே அளவு எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். நாடாவைப் பிரித்ததும் திரு. பெல்லாங்கர், "மச்சான், முத்தம் குடுத்து முடிச்சாச்சுன்னா என் துப்பாக்கியைக் குடுத்துடுறீங்களா?" என்று கேட்டதே இன்றைய நிலைக்கு மூலகாரணம். அது என் சோதனைத் திட்டத்தில் இல்லாத கேள்வி.

8. அட்டைக்கு முதல் பரிசு கிடைத்தது. பிறகு அதை நூலகத்தில் மாட்டினார்கள். உணவகத்தில் ஒருநாள் பரிமாறுபவர் தலைவரின் தட்டை நாடா சுற்றிக் கொண்டுவந்து வைத்து, "வெர்ன் அண்ணே, கறிப் பாஸ்டியா பர்கரா? பிரிக்காம சொல்லுங்க பாப்போம்" என்றாராம். நான் அங்கே இல்லை. ஆயினும் அடுத்த வாரக் கழகக் கூட்டத்தில் என் பெயர்தான் எடுக்கப்பட்டது.

9. கழக விதி ஒன்பதின்படி, மைதானத்தில் ஒரு துப்பாக்கியின் அடையாளத்தை மறைக்கலாகாது, நான் மறைத்தேன், எனவே ஓராண்டு தடை என்பது கழகத்தின் வாதம். விதியைப் படித்துப் பார்த்தேன். அது திருட்டுத் துப்பாக்கியின் வரிசை எண்ணை மறைப்பது பற்றியது. வரிசை எண்களின்மேல் நாடா படாதவாறு திருமதி லேட்டோ பார்த்துக்கொண்டார். மேலும், முதல் பனி விழுந்ததும் கழக உறுப்பினர்களில் பாதிப்பேர் தம் துப்பாக்கிகளுக்கு வெள்ளை நாடா சுற்றுகிறார்கள். மானிடமிருந்து மறைக்கலாம், உரிமையாளரிடமிருந்து மறைக்கலாகாது என்று விதியில் எங்கும் இல்லை.

10. சமாதானத்துக்கும் முயன்றோம். தந்தை கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டபடி தலைவர் வீட்டுக்குப் போனார். "டேல், உம்மேல எனக்கு வருத்தமே இல்ல. அந்த அட்டையை எடுத்துட்டு, டன்மோர்தான் ஒசத்தின்னு உன் பொண்ணு ஒரு வரி எழுதித் தரட்டும். சனிக்கிழமை வந்து சுடட்டும், யார் வேணாம்னா?" என்று பதில் வந்தது. தந்தை வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, முடிவை என்னிடமே விட்டார். சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அதில் மக்காச்சோளம்தான் இருந்தது. நான் அன்று நெடுநேரம் யோசித்தேன். அட்டையிலிருந்து எல்லோருடைய பெயர்களையும் பேச்சையும் எடுத்துவிடச் சம்மதிக்கிறேன். ஒருவர் ஊரில் தலைநிமிர்ந்து பாஸ்டி சாப்பிட வேண்டியது நியாயமே. அளவுகளை எடுக்கச் சம்மதமில்லை. அவற்றை நம்பி அடுத்த வீட்டுத் திருமதி ஹூப்பர் மூன்றில் விலை குறைந்த சிடார் லேக்கைத் தம் மகனுக்கு வாங்கிவிட்டார்.

11. ஆகவே, மைதானம் கழகத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தாலும் நிலம் மாவட்டத்துடையது என்பதையும், நவம்பர் பதினைந்தாம் தேதி பருவம் தொடங்குவதையும் கருத்தில் கொண்டு, தடையை வெள்ளிக்கிழமைக்குள் நீக்கி உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். சனிக்கிழமைத் தேர்வின் தேர்வாளர் திரு. ட்ரெவாரோவே என்று அறிகிறேன். அவரை மாற்றுமாறு நான் கேட்கவில்லை. எது யாருடையது என்று தெரியாத நேரத்தில், டன்மோர் போல்ட்டைப் பற்றி அவர் சொன்னதும் ஹாலட் விசையைப் பற்றி அவர் சொன்னதும் என் அளவுகளோடு முழுவதும் ஒத்துப்போயின. அவ்வளவு சரியான தேர்வாளர் இம்மாவட்டத்தில் வேறொருவர் இல்லை. மாணவர்களின் இலக்குத் தாள்களைப் பெயர் எழுதாமல் அவரிடம் கொடுத்தால் போதுமானது.

12. எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் அதைக் கொண்டே சுடுகிறேன். குறி தவறினால் அது என் தவறே. எந்தக் கம்பெனியின்மீதும் பழி போடமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: ஹெம்லாக் ஃபால்ஸ்
நாள்: அக்டோபர் 14

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஐலி நியெமெலா

(மனுதாரர் சிறுமி ஆதலால், தந்தையின் ஒப்பம்: டேல் நியெமெலா. வலது தோள் முறிந்திருப்பதால் இடக்கையால் இட்டது.)