தையல் மிஷினுக்குப் போதாத கரண்டு

குரங்கணி மேல்,
4.8.2024

அன்புத் தம்பி பிரதீப்புக்கு,

அக்கா சூர்யகலா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? உங்களிடம் சொல்லாமல் கல்யாணம் பண்ணி மேலே வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்றுதான் எழுதக் கை வந்தது. எஸ்டேட்டில் போன் எடுக்காது. ஜீப்புக்கார அருள்பாண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். தையல் மிஷினில் மோட்டார் மாட்டியிருக்கிறோம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் வீட்டிலேயே செய்தோம். குமிழைத் திருகினால் வோல்ட் ஏறி இறங்குகிறது. மோட்டார் சும்மா சுற்றும்போது நன்றாகத்தான் ஓடுகிறது. ஊசி துணியில் இறங்கியதும் திணறி நின்றுவிடுகிறது. போடியில் நீ இந்தச் சோலிதானே பார்க்கிறாய்? கோபம் இருந்தாலும் பதில் போடு.

அக்கா
சூர்யகலா

போடி,
7.8.2024

அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம்.

வோல்ட் இருக்கிறது, கரண்டு போதவில்லை. அதிலுள்ள மூன்று கால் ஐசி சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்டைக் குறைத்துவிடும். அதை ஓர் அலுமினியத் தகட்டில் வைத்துத் திருகச் சொல். அப்படியும் நின்றால், நிற்கிற நேரத்தில் பேட்டரிப் பக்கம் எத்தனை வோல்ட், மோட்டார் பக்கம் எத்தனை வோல்ட் என்று பார்த்து எழுது.

மிதிக்கிற மிஷினுக்கு மோட்டார் எதற்கு? உன் கால் வேகத்துக்கு எந்த மோட்டார் ஈடு?

பிரதீப்

குரங்கணி மேல்,
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே பாதி ரிப்பேர் தீர்ந்த மாதிரி இருந்தது. ரொம்ப நன்றிப்பா.

தகடு வைத்ததும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு பழையபடிதான். நிற்கும்போது பேட்டரிப் பக்கம் பன்னிரண்டு அப்படியே இருக்கிறது. மோட்டார் பக்கம் ஆறிலிருந்து இரண்டுக்கு விழுந்துவிடுகிறது.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். போன மழையில் ஏலக்காய் எடுக்கும்போது சரிவில் உருண்டு, வலது கால் முறிந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். மிதிக்க முடியாது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது தொண்டையில் இறங்கவில்லை என்று ஒருநாள் அழுதேன். "அழுவாத, காலு செய்யிறத கையி செய்யட்டும்"னு சொல்லி, அவர்தான் ஜீப்பில் கழற்றிய மோட்டாரை வாங்கி இதைச் செய்தார். இப்போது ஓடவில்லை என்றதும் என்னைவிட அவர்தான் வாடிக் கிடக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே, தாங்காது.

ரெகுலேட்டர் பெட்டியையும் மோட்டாரையும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
சூர்யகலா

போடி,
18.8.2024

மச்சான் ராஜ்கமல் அவர்களுக்கு,

பிரதீப் வணக்கம் சொல்லி எழுதுவது.

நீங்கள் செய்த இணைப்பில் தப்பே இல்லை. அந்த ஐசி ஒன்றரை ஆம்பியர்தான் தரும். தைக்கும்போது மோட்டார் மூன்று கேட்கிறது. ஐசிக்குத் துணையாகப் பெரிய டிரான்சிஸ்டர் ஒன்று சேர்த்து, பெரிய தகடும் வைத்திருக்கிறேன். இனி பாரத்தை அதுதான் சுமக்கும்.

பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை படுகிற மூலைகளையெல்லாம் உரசி மழுக்கி, சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். இதைச் செய்த மனுஷரைப் பற்றி நாங்கள் என்னென்னவோ நினைத்திருந்தோம்.

அக்கா மன்னிக்கட்டும், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதது. அப்புறம் தன் மிஷினிலேயே மோட்டாரை மாட்டச் சொல்லி, ஜீன்ஸ் துணியை மடித்துப் போட்டுத் தைத்துப் பார்த்தது. நிற்கவே இல்லை. "மருமவன் கையில சுத்தம் இருக்குடா"ன்னு சொன்னது. மருமகன் என்று அம்மா சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பிள்ளையை நல்லா வச்சிருக்கீங்க. நன்றி மச்சான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பெட்டியோடு வருகிறோம். ஜீப்பிலிருந்து இறங்கி உங்கள் எஸ்டேட் லைன் வீடு வரை அம்மாவால் நடக்க முடியாது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போக நீங்கள் வந்து நில்லுங்கள்.

உங்கள் மச்சினன்
பிரதீப்