ஐந்தாவது ஏ

அன்புள்ள அம்மா,

வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மிஷின் மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதே. ஆராய்ச்சியோடு பேராசிரியருக்கு விடைத்தாளும் திருத்துகிறேன் அல்லவா? நாற்பது பேரில் ஐந்து பேர் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருந்தார்கள். ஐவருக்கும் ஏ கிரேடு போட்டேன்.

"ஒரு வகுப்புல நாலு பேருக்குத்தாம்மா ஏ. ஒண்ணைக் குறைச்சுடு," என்றார் பேராசிரியர்.

"அஞ்சு பேருமே நல்லா எழுதியிருக்காங்களே சார்?"

"அப்போ கேள்வி சுலபம்னு அர்த்தம்."

நீ ஆளை அளந்து சட்டை தைப்பாய். இவர்கள் சட்டையைத் தைத்து வைத்துக்கொண்டு ஆளை வெட்டுகிறார்கள். ஆனாலும் குறைத்தேன், அம்மா. ஐந்தாவதாக இருந்த பெண்ணுக்கு ஏ கிரேடுக்குரிய பத்துப் புள்ளிக்குப் பதில் எட்டு விழுந்தது. அதில் அவளுடைய மொத்தச் சராசரி 8.46க்கு இறங்கிவிட்டது. எட்டரை இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும்.

நேற்று தாளோடு வந்து நின்றாள். "எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்கக்கா, அடுத்த தடவை திருத்திக்கிறேன்."

தாளைப் புரட்டினேன். ஒரு தப்பும் இல்லை. "நான் போட்டது ஏ. குறைக்கச் சொன்னதால் குறைத்தேன்" என்று தாளின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை மேல்முறையீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

திருத்தும் வேலை போகலாம். போகட்டும்.

யாராவது வந்தால் நீலப் பொத்தான் நான்கு கொடுத்தனுப்பு. சட்டையில் ஒன்று அறுந்து பத்து நாளாகிறது. அதைப் பார்த்துச் சொல்லக்கூட இங்கே ஆள் இல்லை. பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஊக்கு குத்திக்கொண்டு கிளம்புகிறேன்.

உன் மகள்