கரி குடித்த மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை, இன்று காலை மருமகள் வாங்கிவந்த கரிப் பற்பசையில் பல் துலக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் வாயெல்லாம் கறுப்பு. சிரிக்கத்தான் நினைத்தேன். உம்முடைய வாய் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மன் கோவில் கொடைத் திருவிழா அன்றைக்கு மத்தியானம், நெய் வடியும் கடம்பூர் போளியை ஒன்றன்மேல் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தீர்.

"சர்க்கரைக்காரருக்குப் போளி கேக்குதோ வே?" என்றேன்.

"அதுக்குத்தான் மச்சான், நாலு நாள் மாத்திரைய மொத்தமா முழுங்கிட்டு உக்காந்திருக்கேன். பருத்தியில புழு கூடுனா மருந்தக் கூட்டி அடிக்கோம்லா? அதே கணக்குதான்" என்று கண்ணடித்தீர்.

உடனே என் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் பதறிப்போய் உப்புத் தண்ணீர் கலக்கி வந்தாள். நம் பக்கத்தில் பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு அதுதானே முதல் வைத்தியம். பக்கத்து வீட்டு நர்ஸம்மா டம்ளரைப் பிடுங்கினார். "வாந்தி எடுக்க வைக்காதீய! மயங்குனா நெஞ்சுக்குள்ள போயிரும். வண்டிய எடுங்க!"

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், வயிற்றில் மிச்சமிருக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்று கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த உமக்குக் கையில் குளுக்கோஸ் ஏறியது. பல், மீசை எல்லாம் கறுப்பாக என்னைப் பார்த்தீர். "நம்ம கரிசக் காட்டுல பாதியக் கரைச்சுக் குடுத்துட்டாவ மச்சான். இனி வயித்துலயே உளுந்து விதைக்கலாம்."

மறுநாள் காலையில் தெளிவாக எழுந்து உட்கார்ந்தீர். டாக்டர் விடவில்லை. "ரத்தத்துல ஏறுன மருந்தக் கரி பிடிக்காது. சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும். படுங்க" என்றார்.

"வேர்வைதான் நின்னுட்டுல்லா! நான் இல்லாம மஞ்சத்தண்ணி விளையாட்டா?" என்று கிளம்பினீர். தங்கச்சி உம் காலைப் பிடித்தாள். நானும் கெஞ்சினேன், கேலி ஒன்றும் இல்லாமல். கேட்கவில்லை, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டீர்.

வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர். "ஆஸ்பத்திரியில கண்ணே மூடல அவிய. சத்தம் போடாதீய" என்று அவள் டிவியை நிறுத்தினாள், கூரையில் கரைந்த காக்காயைக்கூட விரட்டினாள். காப்பியோடு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது எனக்கும் சர்க்கரை. தினமும் மத்தியானம் தங்கச்சி போன் பண்ணுகிறாள்.

"அண்ணே, முழிச்சிருக்கியா?"

"இல்ல ஏட்டி, தூக்கத்துல பேசுதேன்."

அவள் சிரிப்பதில்லை. "சரி" என்று வைத்துவிடுவாள். ஊரில் யாரையும் சீண்டாமல் விடாதவன் நான். அவளையும் காக்க வைத்துச் சீண்டலாம்தான். ஆனால் அந்த மணி இரண்டாம் தடவை அடிக்க நான் விட்டதே இல்லை, மாப்பிள்ளை.